கிராமக் கழிநீரும் தாமிரபரணி வாய்க்கால்களும்

நமது ஐக்கிய சங்கங்களின் அங்கத்தினர் யாவரும் வரவு செலவுக் கணக்கின் அருமையை நன்கறிந்தவர்கள். வரவை மட்டும் பதிந்து செலவைப் பதியாத பேரேடு சங்கத்தை எத்தகைய கேட்டில் கொண்டுபோய் விடும் என்பதை அவர்களுக்கு எவரும் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஜல விஷயத்தில் நம் கிராமங்கள் இதுகாறும் வைத்துவந்த கணக்கு அத்தகையதாகவே இருக்கிறது. ஊருக்கு எவ்வளவு ஜலம் வருகிறது, எத்தனை வீடுகளுக்குக் குழாய் உண்டு, எந்தத் தெருவில் நீர் ஏறவில்லை என்பன குறித்துக் கிராமசபையில் வெகுநேரம் விவாதிக்கிறோம். வந்த ஜலம் பயன்பட்டபின் எங்கே போய்ச் சேருகிறது என்று வினவுவோர் அரியர். அந்தச் செலவுப் பக்கத்தை எவ்வாறு எழுதுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குழாயும் சாக்கடையும்

முற்காலத்தில் தாமிரபரணிக் கரையூர்களில் ஜனங்கள் படித்துறையிலும் வாய்க்காலிலும் குளித்துத் துவைத்து, குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய ஜலத்தை மட்டும் குடங்களில் சுமந்து வந்தனர். இடுப்பில் சுமந்து வந்த நீரை எவரும் வீணாகக் கொட்டுவதில்லை. அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்குச் சென்றது. பாத்திரம் கழுவிய நீர் புறவாசலில் நின்ற வாழைக்கும் தென்னைக்கும் பாய்ந்தது. எஞ்சிய சொற்ப நீரை மண்ணும் வெயிலும் வாங்கிக்கொண்டன. ஆகவே அக்காலத்துக் கிராமங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாக்கடை என்ற ஒன்று தேவைப்படவே இல்லை.

இக்காலத்து நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் தேதி அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின்படி, கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் நபர் ஒருவருக்கு நாள்தோறும் 55 லிட்டர் வீதம் குழாய் மூலம் நீர் வழங்கவேண்டும் என்பது விதி. தாய்மார்களின் இடுப்பிலிருந்து குடத்தை இறக்கிய இக்காரியம் மிகவும் போற்றத்தக்கது. ஆனால் குழாய் வழியே வீட்டிற்குள் வந்த நீரில் ஏறக்குறைய 70 சதவீதம் சில மணி நேரத்திற்குள் அழுக்கு நீராக வெளியேறுகிறது. நீர் வரும் வழிக்குத் திட்டமிட்ட நாம் அது போகும் வழிக்குத் திட்டமிடவில்லை. அது தானே வழி கண்டுபிடித்துத் தெருவில் இறங்கிற்று. தெருச் சாக்கடை வாய்க்காலில் விழுந்தது. வாய்க்கால் குளத்திலும், குளத்தின் மறுகால் ஆற்றிலும் சேர்ந்தன.

2,000 ஜனங்கள் வசிக்கும் ஒரு சாதாரணக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நபர் ஒருவருக்கு 55 லிட்டர் வீதம் நாள் வரவு 1,10,000 லிட்டர். அதில் 70 சதவீதம் கழிநீரானால் நாள் செலவு 77,000 லிட்டர். ஓர் ஆண்டுக்கு இஃது இரண்டு கோடியே எண்பது லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நீரும் ஒரே ஒரு சிறு கிராமத்தினுடையது என்பதை அங்கத்தினர் நினைவிற் கொள்வாராக.

ஆற்றின் நிலைமை

பொதிகை மலையில் பிறந்து, ஏறக்குறைய 80 மைல் ஓடி, புன்னைக்காயலில் கடலோடு கலப்பது தாமிரபரணி. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஆகிய எட்டு அணைக்கட்டுகளின் மூலம் இந்நதி சுமார் 86,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் அளிக்கிறது. கார், பிசானம் என்ற இரு போகமும் இதனை நம்பியவை. அன்றியும், ஆற்று மணலில் இறக்கப்பட்டுள்ள உறைகிணறுகளிலிருந்து திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் பட்டணங்களுக்கும் கிராமங்களுக்கும் குடிநீர் செல்கிறது. ஆகவே மேலூரார் வாய்க்காலில் விடுகிற நீரையே கீழூரார் குளிக்கவும் குடிக்கவும் கொள்கின்றனர். கடைமடையில் உள்ளவருக்கு மேலே உள்ள ஊர்கள் அனைத்தின் கழிவும் பங்காகக் கிடைக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியலில், இந்தியா முழுவதிலும் 351 ஆற்றுப் பகுதிகள் மாசுற்றனவாகக் குறிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அவ்வாறு குறிக்கப்பட்ட ஆறு நதிகளுள் தாமிரபரணியும் ஒன்று. பாப்பான்குளம் முதல் ஆறுமுகநேரி வரையுள்ள பகுதி அப்பட்டியலில் காணப்பட்டது. இச்செய்தி நமக்குத் தலைகுனிவே. ஆயினும் அதில் ஓர் ஆறுதலும் உண்டு. மாசின் கடுமையைப் பொறுத்து ஐந்து வகுப்புகளாகப் பிரித்ததில், நம் ஆறு கடுமை குறைந்த ஐந்தாம் வகுப்பில் வைக்கப்பட்டது. அதாவது வியாதி முற்றுவதற்கு முன்னரே நாடி பார்க்கப்பட்டிருக்கிறது.

இந்த வகுப்பு எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை அறிவது பயன்தரும். நீரில் உள்ள அழுக்கைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்கின்றன. அவ்வாறு உண்ணுங்கால் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அவை உட்கொள்கின்றன. அழுக்கு மிகுந்தால் பிராணவாயு குறைந்து மீன்கள் திணறி மடியும். ஆகவே ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கு எத்தனை மில்லிகிராம் பிராணவாயுவைக் கேட்கிறது என்பதே அளவுகோல். குளிப்பதற்குத் தக்க நீரில் இது 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஐந்தாம் வகுப்பு என்பது 3 முதல் 6 வரை. வீடுகளிலிருந்து வரும் சாக்கடை நீரிலோ இது 200 முதல் 300 வரை இருப்பது வழக்கம்.

"ஆறு பெரிது, நம் ஊர்ச் சாக்கடை சிறிது, அதில் இது கலந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மேற்சொன்ன கணக்கே விடை. 250 மில்லிகிராம் உள்ள ஒரு லிட்டர் சாக்கடையை 3 என்ற அளவுக்குக் கொண்டுவர, முற்றிலும் தூய நீரே ஆயினும் 80 லிட்டருக்கு மேல் அதனோடு சேரவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் புரளும்போது அவ்வளவு நீர் கிடைக்கலாம். பிசான அறுவடை முடிந்து, மடை அடைத்து, வாய்க்கால் வறண்டு கிடக்கும் மாதங்களில் எங்கே கிடைக்கும்? அப்போது ஊருக்கு முன் வாய்க்காலில் தேங்கி நிற்பது சாக்கடை ஒன்றே என்பதை நாம் ஆண்டுதோறும் கண்ணாரக் காண்கிறோம். ஆகாயத்தாமரை அங்கே அடர்ந்து படர்வதும் கழிவிலுள்ள உரச்சத்தை உண்டுதான். அடுத்த போகத்திற்கு நீர் திறக்கும்போது, அக்கொடி மடைகளை அடைத்துக்கொண்டு கடைமடைக்கு நீர் ஏறாமல் செய்கிறது. ஆகவே சாக்கடையானது சுகாதார விஷயம் மட்டுமன்று, பாசன விஷயமுமாகும்.

வியாதிகளைப் பற்றி நீண்டு உரைக்க வேண்டுவதில்லை. 1884ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்திய விஞ்ஞானி ராபர்ட் காக் என்பவர் கல்கத்தாவில் ஜனங்கள் புழங்கிய ஒரு குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியைக் கண்டறிந்தார். மலம் கலந்த நீரினால் வாந்திபேதியும், சீதபேதியும், டைபாய்டு சுரமும், மஞ்சட்காமாலையும் பரவுகின்றன. மலம் கலவாத அடுக்களை நீரும் தேங்கினால் தீங்கே. யானைக்கால் வியாதியைப் பரப்பும் கொசு அழுக்கு நீரில்தான் முட்டையிடுகிறது.

முதல் விதி: இரண்டையும் கலவாதீர்

வீட்டிலிருந்து வெளியேறும் நீர் இருவகைப்படும். அடுக்களை, குளியலறை, துணி துவைக்கும் கல் ஆகியவற்றிலிருந்து வருவது ஒன்று. கழிப்பறையிலிருந்து வருவது மற்றொன்று. முன்னதன் அளவு அதிகம், ஆபத்து குறைவு. பின்னதன் அளவு குறைவு, ஆபத்து மிக அதிகம். இவ்விரண்டையும் ஒரே குழாயில் சேர்த்துவிட்டால், குறைந்த ஆபத்துள்ள பெருநீர் முழுவதும் மிகுந்த ஆபத்துள்ளதாக மாறிவிடும். ஒரு குடம் பாலில் ஒரு துளி விஷம் என்பது இதுவே. ஆதலின் எவ்வழியைக் கைக்கொண்டாலும், கழிப்பறை நீரைத் தனியே பிரித்துவைத்தல் முதல் விதியாகும்.

கழிப்பறைக்கு ஏற்ற எளிய ஏற்பாடு இரட்டைக்குழி முறை. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கவேண்டும். மூடிய குழியை இரண்டாண்டு வரை தொடாமல் விட்டுவைத்தால், உள்ளிருப்பது நாற்றமற்ற எருவாகிவிடும். ஈரம் மிகுந்த நன்செய்க் கரைகளிலோ நிலத்தடி நீர் மேலே நிற்பதால் இக்குழிகளிலிருந்து கிருமிகள் கிணற்றுக்குச் செல்லக்கூடும். அத்தகைய இடங்களில் நீர் கசியாத செப்டிக் தொட்டியே தக்கது. செப்டிக் தொட்டி கழிவைப் பாதியளவே சுத்தம் செய்கிறது என்பதை மறத்தலாகாது. அதிலிருந்து வழியும் நீர் தெளிவாகத் தோன்றினும் கிருமி நிறைந்தது. அதைத் தெருச் சாக்கடையில் விடுதல் பெருந்தவறு. பின்னர்க் கூறப்படும் நாணல் பாத்திக்கே அதைக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியின் வண்டலை லாரி கொண்டு இறைத்து, சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ப்பித்தல் வேண்டும். இரவில் வாய்க்காலில் கொட்டிச் செல்லும் லாரிக்குக் கூலி கொடுப்பவர் அக்குற்றத்தில் பங்காளியாவார். தொட்டிக்குள் எக்காரணம் பற்றியும் மனிதரை இறக்கலாகாது. உள்ளே தேங்கும் விஷவாயு நொடியில் உயிரைப் போக்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக விலக்கியிருக்கிறது.

மண்ணறிந்து செய்யும் மூன்று வழிகள்

இனி மலம் கலவாத நீரைப் பற்றிக் கூறுவோம். பயிர் செய்வோர் மண்ணைப் பார்த்தே விதையைத் தேர்கின்றனர். கழிநீர் விஷயத்திலும் அவ்வாறே செய்தல் வேண்டும். ஓர் ஊரில் பலித்த முறை மற்றோர் ஊரில் பலிக்காமற் போவதற்குப் பெரும்பாலும் மண்ணின் வேற்றுமையே காரணம்.

முதலாவது, உறிஞ்சுகுழி. செம்மண் மேடுகளுக்கும், சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலுக்கும் இது மிகவும் ஏற்றது. ஒரு குடும்பத்திற்கு நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் மூன்றேகால் அடியுள்ள குழி பொதுவாகப் போதும். அடியில் பெருங்கற்களும், நடுவில் அவற்றிற் சிறியனவும், மேலே சிறுகற்களுமாக நிரப்பி, அதன்மேல் சாக்கு விரித்து மண்ணிட்டு மூடவேண்டும். குழிக்குள் நீர் நுழையுமுன் ஒரு சிறு வண்டல் தொட்டியின் வழியே செல்லவேண்டுவது இன்றியமையாதது. சோற்றுப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் மணலும் அங்கே தங்கிவிடும். இத்தொட்டியை வாரம் ஒருமுறை வாரினால் குழி பல்லாண்டு உழைக்கும். வாராவிடில் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். குடிநீர்க் கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 35 அடியேனும் இருத்தல் நலம். குழியின் அடித்தளத்திற்குக் கீழே ஆறடிக்குள் ஊற்றுநீர் தென்பட்டால் இம்முறையை விட்டுவிட வேண்டும்.

மண் நீரை வாங்குமா என்பதை அறியச் சோதனை ஒன்றுண்டு. உத்தேசித்த இடத்தில், குழி போகும் ஆழத்திற்கு ஒரு சிறு பள்ளம் தோண்டி, அதில் இருமுறை நீர் நிரப்பி வடியவிட்டு, மூன்றாம் முறை நிரப்பிப் பார்க்கவேண்டும். நீர் விரைவாக இறங்கினால் உறிஞ்சுகுழி பலிக்கும். மறுநாளும் நீர் நின்றால் அந்த மண் குழிக்கு உதவாது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலிலும், வாய்க்காலோரத்து நன்செய்க் களியிலும் பெரும்பாலும் நீர் நிற்கவே காண்போம்.

இரண்டாவது, புறவாசல் தோட்டமும் நாணல் பாத்தியும். களிமண் ஊர்களுக்கு இவை உரியன. கொல்லையில் இடமுள்ளவர் வண்டல் தொட்டியைத் தாண்டி வரும் நீரை வாழை, தென்னை, சேம்பு முதலியவற்றின் அடியில் மாற்றி மாற்றிப் பாய்ச்சலாம். ஒரே மரத்தடியில் நாள்தோறும் தேக்கலாகாது. பச்சையாக உண்ணும் கீரை, காய்களுக்கு இந்நீர் ஆகாது. சலவைச் சோடா மிகுந்த நீர் மண்ணைக் கெடுக்குமாதலால், சலவை நாளில் நல்ல நீரும் சேரப் பாய்ச்சுதல் வேண்டும்.

கொல்லை இல்லாத நெருக்கமான தெருக்களுக்குப் பொதுவில் நாணல் பாத்தி அமைக்கலாம். நீர் கசியாத தரையுடன் இரண்டடி ஆழமுள்ள பாத்தி கட்டி, அதைச் சரளைக்கல்லால் நிரப்பி, நாணல், சம்பங்கோரை, கல்வாழை ஆகியவற்றை நடவேண்டும். கழிநீர் ஒரு முனையில் புகுந்து, கல்லிடுக்குகளில் மெல்ல ஊர்ந்து, மறுமுனையில் தெளிந்து வெளிப்படும். கல்லின்மேல் படரும் நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. செடியின் வேர்கள் அவற்றிற்கு இடங்கொடுத்து உதவுகின்றன. நீர்மட்டம் எப்போதும் சரளையின் மேற்பரப்புக்கு இரண்டங்குலம் கீழே இருக்குமாறு வைத்தால் கொசுவுக்கு இடமில்லை. நபர் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்பது தாராளமான அளவு. இருநூறு பேர் வசிக்கும் தெருவுக்கு ஐந்து சென்ட் நிலம் போதும்.

மூன்றாவது, தெளிவுக் குளம். ஊர் முழுவதின் நீரும் ஏற்கெனவே ஒரே சாக்கடையில் சேர்ந்து ஒரே இடத்தில் விழுமாயின் இதுவே சிக்கனமானது. ஐந்தடி ஆழத்தில் அடுத்தடுத்து மூன்று குளங்கள் வெட்டி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழியச் செய்யவேண்டும். முதற்குளத்தில் வண்டல் படிகிறது. அடுத்தவற்றில் பச்சைப்பாசி வளர்ந்து, வெயிலின் உதவியால் பிராணவாயுவை உண்டாக்குகிறது. அதனைக் கொண்டு நுண்ணுயிர்கள் அழுக்கை உண்கின்றன. வெயிலின் உக்கிரம் தீய கிருமிகளைக் கொல்கிறது. நம் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமில்லாமையால் இங்கே மின்சாரமும் யந்திரமும் வேண்டுவதில்லை. மேலே கண்ட 77,000 லிட்டர் நீரைப் பத்து நாள் நிறுத்திவைக்க, ஐந்தடி ஆழத்தில் சுமார் 13 சென்ட் நீர்ப்பரப்பு தேவை. கரைகளையும் சேர்த்து 20 சென்ட் என்று கொள்ளலாம். மலம் கலந்த நீராயின் இதனினும் அதிக நாள் நிறுத்தவேண்டுமாதலால் பரப்பும் பெருகும். கரையோரப் புல்லையும் மிதக்கும் செடிகளையும் அகற்றாவிடில் கொசு பெருகும் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். கடைசிக் குளத்து நீரைத் தென்னைக்கும், தீவனப் புல்லுக்கும், விறகு மரங்களுக்கும் பாய்ச்சுவது உத்தமம். வாய்க்காலில் விடுவது மத்திமமும் ஆகாது.

பிறர் செய்து காட்டியவை

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. மகாராஷ்டிர மாநிலத்தில் நாந்தேடு மாவட்டத்து டெம்புர்ணி என்னும் கிராமம், வீடுதோறும் உறிஞ்சுகுழி அமைத்துத் திறந்த சாக்கடைகளை ஒழித்து, கொசுத் தொல்லையைப் போக்கிய ஊரெனப் பெயர் பெற்றது. கல்கத்தாவின் கிழக்கே மீனவரும் உழவரும் நகரத்துக் கழிநீரை ஆழமற்ற குளங்களில் தேக்கி, வெயிலில் தெளியவைத்து, மீன் வளர்த்து வருகின்றனர். அவ்வீரநிலம் 2002ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்ததாக அங்கீகாரம் பெற்றது.

நமக்கு மிகவும் பாடமாகத் தக்கது பஞ்சாபில் நடந்தது. அங்கே காலி பெயின் என்னும் சிற்றாறு சுமார் 100 மைல் ஓடுகிறது. குருநானக்கின் வரலாற்றோடு தொடர்புடைய புனித நதி அது. ஆயினும் கரையிலுள்ள ஊர்களின் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் நிறைந்து அது கால்வைக்கவும் கூசும் நிலையை அடைந்தது. 2000ஆம் ஆண்டில் பல்பீர் சிங் சீச்சேவால் என்னும் துறவியார் ஆற்றில் இறங்கித் தம் கையாலேயே களையை அகற்றத் தொடங்கினார். கிராமவாசிகள் ஆயிரக்கணக்கில் அவரோடு சேர்ந்தனர். களையை எடுத்தால் மட்டும் போதாது, சாக்கடையைத் தடுக்கவும் வேண்டும் என்று கண்டு, அவர் ஊர்க் கழிநீரைக் குழாய் வழியே அடுத்தடுத்துள்ள தொட்டிக் கிணறுகளில் தெளியவிட்டு, பின் குளத்தில் தேக்கி, வயல்களுக்குப் பாய்ச்சும் முறையை ஏற்படுத்தினார். 2006ஆம் ஆண்டில் அக்காலத்து ராஷ்டிரபதி அப்துல் கலாம் அவ்விடத்திற்கு நேரிற் சென்று பாராட்டினார். பிற்காலத்தில் சில ஊர்களின் கழிநீர் மீண்டும் ஆற்றில் கலந்து மீன்கள் மடிந்ததும் உண்டு. ஒருமுறை துப்புரவு செய்வதால் ஆறு சுத்தமாக இருந்துவிடாது, தினந்தோறும் காத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் அறியும் பாடம்.

சங்கத்தின் கடமை

இங்கே நம் சங்கங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கட்டுவதற்குப் பணம் பெரும்பாலும் அரசாங்கத்திடமிருந்தே கிடைக்கிறது. 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட தூய்மை பாரத இயக்கத்தின் இரண்டாம் கட்ட விதிகளில், 5,000 பேருக்கு மேற்படாத கிராமத்தின் கழிநீர் ஏற்பாட்டிற்கு நபர் ஒருவருக்கு 280 ரூபாய் வரை அனுமதிக்கப்பட்டது. நாம் கணக்கிட்ட கிராமத்திற்கு இது 5,60,000 ரூபாய் ஆகும். நடப்பு விதிகளை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளலாம். ஆகவே கட்டுதல் ஊராட்சியின் காரியம். காத்தல் யாருடைய காரியம் என்று தீர்மானிக்காமல் கட்டப்பட்டவையே பயனற்றுப் போகின்றன. வண்டல் தொட்டியை வாருவோர் இன்மையால் உறிஞ்சுகுழி அடைபடுகிறது. புல் அறுப்போர் இன்மையால் குளம் கொசுப்பண்ணையாகிறது. உடனே ஜனங்கள், "இம்முறையே ஆகாது" என்று பழைய சாக்கடையைத் திறந்துவிடுகின்றனர்.

மாதாமாதம் கூடுதல், தீர்மானம் எழுதுதல், முறை வைத்து வேலை செய்தல், சிறுதொகை சேர்த்தல், கணக்கை எல்லோருக்கும் காட்டுதல் ஆகியவை சங்கத்தாருக்குக் கைவந்த பழக்கங்கள். 1904ஆம் ஆண்டில் நம் மாகாணத்தின் முதற் கிராம நாணய சங்கம் திரூரில் ஏற்பட்ட காலந்தொட்டு அவை வளர்ந்து வந்தவை. அதற்கும் முற்பட்டது குடிமராமத்து. வாய்க்கால் தூர்வாருவதில் ஊரார் அனைவருக்கும் பங்குண்டு என்ற அவ்வழக்கத்தை 1858ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. 2017ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கத்தார் அப்பெயரிலேயே நீர்நிலைப் பணிகளை மேற்கொண்டனர். வாய்க்காலில் மண் சேராமல் காத்தவர்களின் வழிவந்தோர் அதில் மலம் சேராமல் காத்தலும் முறையே.

ஒவ்வொரு சங்கமும் தன் உபவிதிகள் இடந்தருமளவில் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. ஊரின் கழிநீர் எந்தெந்த இடத்தில் வாய்க்காலில் அல்லது குளத்தில் விழுகிறது என்று நடந்து பார்த்து, படம் வரைந்து, சங்கக் கட்டிடத்தில் தொங்கவிடுதல்.

2. தெருவுக்கு ஒரிடத்தில் மண் சோதனை செய்து, எத்தெருவுக்கு எம்முறை என்று குறித்தல்.

3. குழாய், கல், மூடி முதலியவற்றை மொத்தமாக வாங்கி அங்கத்தினருக்கு அடக்க விலைக்குக் கொடுத்தல். இயலாதவருக்குச் சிறு தவணைக் கடன் அளித்தல்.

4. குழியோ பாத்தியோ வெட்டுமுன், அதை இன்னார் இன்ன நாளில் சுத்தம் செய்வர் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பம் வாங்குதல்.

5. தெளிவுக் குளத்து நீரால் விளையும் தேங்காய், தீவனம் ஆகியவற்றின் வருமானத்தைத் தனிக்கணக்கில் வைத்து, குளத்தின் பராமரிப்புக்கே செலவிடுதல்.

இவ்விடத்து ஒன்று கூறாமல் விடுதல் நேர்மையன்று. நீர் தாழ்ந்த இடத்தை நாடுவது இயல்பு. நம் ஊர்களில் தாழ்ந்த மட்டத்துத் தெருக்களில் பெரும்பாலும் கூலிவேலை செய்யும் ஏழை ஜனங்களே குடியிருக்கின்றனர். மேலத்தெருவின் சாக்கடை தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாசலிலேயே தேங்கி வந்திருக்கிறது. புதிய குளத்தையும் அவர்கள் வீட்டருகே வெட்டிவிட்டால் அது சீர்திருத்தம் ஆகாது. பழைய அநீதிக்குக் கரை கட்டியதாகும். சுத்தம் செய்யும் முறையும் ஒரு ஜாதியார் தலையில் விழலாகாது. வாய்க்கால் நீரில் எல்லோருக்கும் முறைப்பங்கு உள்ளதுபோல் வண்டல் வாருவதிலும் முறைப்பங்கு இருத்தல் வேண்டும். எந்த வீட்டு நீரோ அந்த வீட்டாரே தங்கள் தொட்டியை வாருவது எல்லாவற்றிலும் எளிய நியாயம்.

திருநெல்வேலி போன்ற பட்டணங்களின் பெருஞ்சாக்கடையைக் கிராமத்தார் தடுக்கமுடியாது என்பது உண்மையே. அது நகரசபையாரும் அரசாங்கத்தாரும் செய்யவேண்டிய காரியம்; உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் அதனை விசாரித்து உத்தரவுகள் பிறப்பித்திருக்கிறது. ஆனால் பட்டணத்தார் செய்யவில்லை என்பது நாம் செய்யாமைக்குக் காரணமாகாது. நம் வாய்க்காலைச் சுத்தமாக வைத்துக்கொண்ட பின்னரே பட்டணத்தாரை நோக்கி நியாயம் கேட்கும் தகுதி நமக்கு முழுமையாக உண்டாகும்.

ஆதலின் அடுத்த மாதாந்தரக் கூட்டத்தில், கடன் மனுக்களைப் பரிசீலித்து முடித்தபின், ஒரு கால்மணி நேரம் இவ்விஷயத்திற்கு ஒதுக்குவீர்களாக. பெரிய குளத்தைப் பற்றி அன்றே பேசவேண்டுவதில்லை. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, அத்தெருவில் பத்து வீடுகளை எண்ணி, அவற்றின் நீர் இப்போது எங்கே விழுகிறது என்று கேளுங்கள். அதற்குரிய விடையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுவதே, இத்தனை காலம் வெற்றாக விட்டிருந்த செலவுப் பக்கத்தின் முதல் வரியாகும்.